ஈக்களுக்கு ஒரு செக்கிங் டேபிள்

பழ ஈயின் இனச்செல் எப்படி ஆணாகிறது, எப்படிப் பெண்ணாகிறது என்று கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் எனக்குக் கொடுத்திருந்த கெடு முடிய ஆறு மாதம் இருக்கும்போது, நான் வேலை பார்க்கும் கல்லூரி என் ஈக்களைக் காலி செய்யச் சொன்னது. தரம் பார்க்க வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிறதாம். குழு வரும் நேரத்தில் விலங்கியல் துறையில் உயிருள்ள எதுவும் இருக்கக் கூடாது என்பது முதல்வரின் கருத்து. ஈக்கள் இருந்த அறைக்கு வெள்ளையடித்து, பிளாஸ்டிக் செடி வைத்து, வாசலில் 'மரபியல் உயராய்வு மையம்' என்று பலகை மாட்டினார்கள். மரபியல் பாட்டில் பாட்டிலாக வராந்தாவில் நின்றது.

ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தேன். மூன்றாவது கிடையாது. ஆறு மாதத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டம் இல்லாத உதவிப் பேராசிரியர்களை இனி வைத்திருக்க முடியாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்ததால், பதிவோடு வேலையும் போகும். வேலை போனால் வீரபாண்டியில் இருக்கும் எங்கள் குடும்பத்துப் பனியன் கம்பெனிக்குப் போய் உட்கார வேண்டியதுதான். அங்கே முதலாளியின் மனைவிக்கென்று ஒரு சுழல் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உட்காருகிறவருக்கு ஆயுத பூஜையன்று பொரி கொடுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அந்த நாற்காலி இருக்கும் பக்கமே நான் போகமாட்டேன்.

ஆனால் ஈக்களுக்கு இடம் கேட்டு அங்கேதான் போக வேண்டியிருந்தது. என் கணவர் அப்போது நல்ல மனநிலையில் இல்லை. ஆர்டர் இல்லாமல் பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன.

"கம்பெனியில நாங்களே ஈ ஓட்டிட்டு இருக்கறோம். நீ வேற பாட்டில்ல கொண்டாந்து விடறியா, புள்ள?" என்றார்.

சொன்னாரே தவிர, ஏசி போட்ட சாம்பிள் ரூமைக் காலி செய்து கொடுத்தார். மாமனார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வெள்ளை டீசர்ட்டுக்குள் ஒரு ஈ மாட்டி, அது அட்டைப்பெட்டியோடு கப்பலேறிப் போய்விட்டால், வெளிநாட்டில் சரக்கு வாங்கும் அந்த பையர் இந்த ஜென்மத்தில் திரும்பி வரமாட்டான். அதனால் ரூமுக்கு வலைத்துணியில் இரட்டைத் திரை தைத்துப் போட்டார்கள். ஓவர்லாக் அடித்து, ஓரம் மடித்து, பைப்பிங் வைத்து, ஏற்றுமதித் தரத்தில் ஒரு கொசுவலை. அதற்குள் மைக்ரோஸ்கோப்போடு நான் உட்கார்ந்திருப்பதை, தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எல்லோரும் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

என் ஆராய்ச்சியை விளக்கிச் சொல்லும் பாக்கியம் எனக்குப் பெரும்பாலும் கல்யாண வீட்டுப் பந்தியில்தான் வாய்க்கும். "ஈயில ஆணா பொண்ணான்னு பாக்கறதுக்கு ஒரு படிப்புங்களா?" என்று கேட்பார்கள். ஈயில் ஆண் பெண் பார்ப்பது ஒரு விஷயமே இல்லை. ஆணுக்கு வயிற்றின் நுனி கறுத்திருக்கும், அவ்வளவுதான். நான் பார்ப்பது அதற்கும் உள்ளே. ஈயின் உடம்பில் ஒவ்வொரு செல்லும் தன்னிடம் எத்தனை எக்ஸ் குரோமோசோம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இரண்டு இருந்தால் பெண், ஒன்று இருந்தால் ஆண் என்று தானே முடிவு செய்துகொள்ளும். பின்னால் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகிற இனச்செல்லுக்கு மட்டும் அந்தச் சுதந்திரம் கிடையாது. அது தன் குரோமோசோமையும் பார்க்க வேண்டும். தன்னைச் சுற்றி நிற்கும் உடல் செல்கள் என்ன சொல்கின்றன என்றும் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் முட்டையோ விந்தோ உருவாகும். ஒத்துப்போகாவிட்டால் அது எந்தப் பக்கமும் போகாமல் சும்மா பெருகிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் வாடிப்போகும். வெளியே பார்த்தால் லட்சணமான பெண் ஈ. சினைப்பைக்குள் ஒரு முட்டை இருக்காது.

இதுவும் புரியாதவர்களுக்கு எங்கள் கம்பெனியையே காட்டுவேன். கட்டிங் ஆண், டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி பெண். அயர்னிங் ஆண், செக்கிங் பெண். ஒடிசாவிலிருந்து வந்து இறங்குகிற ஒருத்தி ஊரில் டிராக்டர் ஓட்டியிருக்கலாம். கேட்டைத் தாண்டியதும் சுற்றி நிற்பவர்கள் அவளைச் செக்கிங் டேபிளுக்குத் தள்ளிவிடுவார்கள். அயர்ன் பாக்ஸைப் பிடிக்கப் பெண்பிள்ளைகளால் முடியாதாம். வீட்டில் மட்டும் எப்படியோ முடிந்துவிடுகிறது. இப்படி நான் விளக்கினால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசம் கேட்க ஆரம்பித்துவிடுவார்.

என் ஈக்களில் ஒரு மரபணு பழுதாக இருந்தது. இனச்செல் 'நான் பெண்' என்று தன் வாயால் சொல்வதற்கு உதவும் மரபணு அது. அடையாளத்துக்காக நல்ல பிரதியோடு சுருள் இறக்கை மரபணு ஒன்றைச் சேர்த்து வைத்திருப்பதால், பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும் ஈக்களுக்கு இறக்கை சுருண்டிருக்கும். அவை சாதாரணமாக முட்டையிடும். பழுதான பிரதி இரண்டையும் வாங்கிக்கொண்ட ஈக்களுக்கு இறக்கை நேராக இருக்கும். அவற்றில் பெண் ஈக்களின் வயிறு சப்பையாக இருக்கும். எனக்கு வேண்டியது அந்தச் சப்பை வயிற்று, நேர் இறக்கைப் பெண்கள்தான். அவற்றைக் கூட்டத்திலிருந்து பொறுக்கி எடுத்து, சினைப்பையைப் பிரித்துப் பார்த்து, எண்ணி எழுத வேண்டும். காலையில் கல்லூரி, மாலையில் ஈ என்று தனியாளாகச் செய்தால் கெடுவுக்குள் பாதிகூட முடியாது.

அப்போதுதான் என் கணவர் செக்கிங் அக்காவை அனுப்பி வைத்தார். சாமளாபுரத்துக்காரர். தறி ஓட்டும் குடும்பம். எட்டாவது வரை படித்தவர். எங்கள் கம்பெனியில் செக்கிங் என்றால் அவர்தான். மலைபோலக் குவிந்து கிடக்கும் டீசர்ட்டை ஒவ்வொன்றாக இழுத்து, உதறி, திருப்பி, ஊசி முனை அளவு ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன்மேல் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார். அவர் கையைத் தாண்டிப் போன சரக்கு திரும்பி வந்ததே இல்லை என்று மாமனார் பெருமையடித்துக்கொள்வார். ஆர்டர் இல்லாததால் அவர் கை சும்மா இருந்தது.

பனிக்கட்டிப் பெட்டியின்மேல் ஈக்களைத் தூங்க வைத்து மைக்ரோஸ்கோப்பில் காட்டினேன். ஒரு கண்ணால் பார்த்தார், பிறகு இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"இத்தனூண்டு ஈக்குக் கண்ணு எத்தன செவப்புங்க, அம்மிணி" என்றார். பிறகு மெல்லிய பிரஷ்ஷைக் கையில் எடுத்து ஈக்களைப் புரட்டத் தொடங்கினார். எனக்கு இரண்டு மாதம் பிடித்த லாவகம் அவருக்கு அரை மணி நேரத்தில் வந்துவிட்டது.

ஆணையும் பெண்ணையும் பிரிக்கக் கற்றுக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து கல்லூரியில் தேர்வு வேலை. போகிற அவசரத்தில், "பொண்ணு ஈயில நல்லதாப் பாத்து ஒதுக்கி வைங்கக்கா. மத்ததையெல்லாம் இந்த எண்ணெய்க் கிண்ணத்துல தள்ளிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். நான்கு நாள் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

ஐந்தாம் நாள் வந்து ஒதுக்கி வைத்த பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் சுருண்ட இறக்கை. அத்தனையும் கொழுத்த வயிறு. ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே அழகு. நேர் இறக்கை ஒன்றுகூட இல்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பார்த்தேன். நான் மூன்று மாதமாகக் கலப்பு செய்து உண்டாக்கிய நேர் இறக்கைப் பெண்கள் எல்லாம் அங்கே மிதந்துகொண்டிருந்தார்கள்.

"என்னக்கா செஞ்சு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினேன். கைமடிப் பெண்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவர் பதறவில்லை. "முக்காவாசி ஈக்கு றெக்க சுருண்டு இருந்துச்சுங்க. செரி, இதுதான் ஸ்டைலாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க. இந்த நேர் றெக்கைக்காரி நடுவால மிக்ஸ் ஆகி வந்துட்டாப்ல இருந்துச்சு. பத்தாததுக்கு வயிறு வேற சப்பையா இருந்துச்சுங்க. டேமேஜுன்னு போட்டு ஒதுக்கிட்டனுங்க."

"டேமேஜுதாங்க்கா எனக்கு வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இருபது வருட சர்வீஸில் அவரிடம் இப்படி ஒரு பையர் வந்ததில்லை.

"அப்பிடின்னா அப்ரூவல் சாம்பிள் குடுத்துருக்கோணுமுங்க. ஒரு பீஸ் வேலைக்குக்கூட ஆர்டர் பாக்கற மெர்ச்சண்டைசர் சாம்பிள் குடுத்து, கையெழுத்துப் போட்டுத் தருவாருங்க. நீங்க நல்லதுன்னுதான் சொன்னீங்க. எது நல்லதுன்னு சொல்லலீங்களே."

முட்டையிடுவது நல்லது, முட்டையில்லாதது கழிவு என்பது அவர் கண்டுபிடித்த சட்டமா என்ன? எங்கள் சொந்தத்தில் எல்லோரும் மருமகள்களை அப்படித்தான் செக்கிங் செய்கிறார்கள். ஆனாலும் அன்றைக்குக் கொசுவலைக்குள் உட்கார்ந்து அழுதேன். அந்தச் சுழல் நாற்காலி கண்முன்னால் வந்து வந்து போனது. அக்கா பக்கத்தில் நின்று, என் முகத்தைப் பார்க்காமல், எண்ணெய்க் கிண்ணத்தைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்.

எல்லாம் போய்விடவில்லை. அவர் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருந்த சுருண்ட இறக்கைப் பெண்கள் ஏற்கெனவே ஆணோடு சேர்ந்தவை; அவைதான் அடுத்த தலைமுறையின் தாய்கள். அவற்றிலிருந்து திரும்ப ஆரம்பிக்கலாம். ஈக்குப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை. அட்டையில் ஒரு நேர் இறக்கையையும் ஒரு சுருண்ட இறக்கையையும் பசை வைத்து ஒட்டி, பக்கத்தில் வயிற்றுப் படம் வரைந்து, 'அப்ரூவ்டு' என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கையெழுத்துங்க" என்றார். போட்டேன். "தேதிங்க" என்றார். அதையும் போட்டேன்.

அதன்பிறகு அங்கே நடந்ததை எந்தப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்திலும் நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டிலில் நான் எண்ணியதையும் அவர் எண்ணியதையும் ஒப்பிட்டால், வித்தியாசம் வந்த இடத்தில் எல்லாம் தப்பு என்னுடையதாக இருந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு, வித்தியாசம் வந்தால் திரும்ப எண்ணாமல் அவர் கணக்கையே எடுத்துக்கொண்டேன். முறைப்படி ஒருவர் எண்ணியதை இன்னொருவர், முதல் கணக்கைப் பார்க்காமல் எண்ண வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம், ஒரே ஒரு மாற்றத்தோடு. முதலில் அவர் எண்ணினார். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க நான் எண்ணவில்லை. நான் எண்ணியது சரியா என்று தெரிந்துகொள்ள அவருடையதைப் பார்த்தேன்.

ஒரு நாள் அவர் அட்டைப்பெட்டியின் கிழிந்த மூடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பாட்டில் நம்பர் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நேராகக் கோடு கோடாக இழுத்திருந்தார். கம்பெனியில் எந்த மெஷினிலிருந்து டேமேஜ் அதிகம் வருகிறது என்று பிடிக்க அப்படித்தான் எழுதுவார்கள்.

"இந்தச் செவுத்துப் பக்கம் இருக்கற பாட்டில்ல நேர் றெக்கை ஒண்ணுக்குக்கூட வயிறு ரொம்பலீங்க. ஏசி பக்கம் இருக்கறதுல நேர் றெக்கையிலயும் கொஞ்சம் ரொம்பியிருக்குதுங்க. இந்தச் செவுத்துப் பக்கந்தான் கோளாறு புடிச்ச மெஷினாட்ட இருக்குதுங்க."

"கண்ணு அசந்திருக்கும்க்கா" என்றேன். எட்டாவது படித்தவர் சொன்னால் முதலில் வருகிற பதில் அதுதான். அதை இப்போது எழுதும்போது எனக்கு என்மேல் கோபம் வருகிறது. அவர் என் கையைப் பிடித்து அந்தச் சுவரின்மேல் வைத்தார். சூடாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அயர்னிங் செக்ஷன். நீராவிக் குழாய் அதை ஒட்டித்தான் போகிறது.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். பாட்டில்களை இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். சினைப்பையைப் பிரித்துப் பார்த்தேன். குளிர்ச்சியில் அந்தப் பழுதான மரபணு தட்டுத் தடுமாறியாவது கொஞ்சம் வேலை செய்கிறது. இனச்செல் தன் உடம்பு சொல்வதோடு ஒத்துப்போய் அங்கங்கே முட்டை உண்டாகிறது. சூட்டில் அதுவும் இல்லை. ஏழு வருடமாக என் கண்ணில் படாதது. என் ஆய்வேட்டின் நாலாவது அத்தியாயம் முழுக்க அதுதான். மற்ற மூன்று அத்தியாயமும் அதற்கு முன்னுரை என்று சொன்னாலும் தப்பில்லை.

எழுதி முடித்து நெறியாளரிடம் கொண்டுபோனேன். நல்ல மனிதர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர், குறிப்பாகத் தேர்வாளர்களின் மனம். நன்றியுரையில் அக்காவைப் பற்றி நான் எழுதியிருந்த பத்தியைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"பாரும்மா, பனியன் கம்பெனில செக்கிங் பண்றவங்க எண்ணினாங்கன்னு போட்டா, எக்ஸாமினர் மொத்த டேட்டாவையும் சந்தேகப்படுவார். 'இரண்டாவது பார்வையாளர்'னு போட்டுட்டு விட்டுரு. ஒரு ரிவிஷன் வந்தாலும் உன் டைம் முடிஞ்சிரும்."

விட்டுவிட்டேன். நன்றியுரையில் நெறியாளர் இருந்தார், ஈக்களை வெளியே துரத்திய முதல்வர் இருந்தார், நிர்வாகம் இருந்தது, ஏசி கொடுத்த கணவர் இருந்தார், கொசுவலைக்காக மாமனார் இருந்தார். கெடு முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்தேன்.

வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பது விதி. பொதுமக்களுக்குப் பழ ஈயின் இனச்செல்லைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆவல் அவ்வளவாக இல்லை. காலி நாற்காலிகளோடு படமெடுத்தால் நன்றாக இருக்காது என்று நெறியாளர் கவலைப்பட்டார். என் கணவர், "அட, இதுக்குப் போயி" என்று சொல்லிவிட்டு, கம்பெனி வேனில் செக்கிங்கையும் கைமடியையும் ஏற்றி அனுப்பிவிட்டார். எல்லோரும் பட்டுச் சேலையும் பூவுமாக வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அக்கா. மாங்காய் நிறச் சேலை. திரையில் ஈயின் படம் வந்ததும் பக்கத்தில் இருந்தவளிடம் எதையோ காட்டிச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். ஏட்டை உண்மையிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். நேராக நாலாவது அத்தியாயத்துக்குப் போனார். எண்ணிக்கை இவ்வளவு சுத்தமாக இருப்பதைத் தன் மாணவர்களிடம் பார்த்ததில்லை என்றார். முட்டை முழுசாக இல்லாததையும் கொஞ்சமாக இருப்பதையும் வெளியிலிருந்தே இத்தனை துல்லியமாகப் பிரிப்பது கஷ்டம் என்றார். எல்லாம் ஆங்கிலத்தில்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

"இந்த இரண்டாவது பார்வையாளர் யார்? நான் அவரைப் பாராட்ட வேண்டும். இங்கே வந்திருக்கிறாரா?"

கேட்டுக்கொண்டே கூட்டத்தின் பக்கம் கையை நீட்டி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் கை மூன்றாவது வரிசைக்கு நேராக நின்றபோது அக்கா எழுந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். பெரிய மனிதர் நம் பக்கம் பார்த்தால் கும்பிடுவது அவருக்கு வழக்கம்.

நெறியாளர் முந்திக்கொண்டார். "எங்கள் துறை மாணவி ஒருவர், சார். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்."

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுகூட எனக்குத் தோன்றியது. ஆனால் மேஜைமேல் அறிக்கைத் தாள் கையெழுத்துக்காக விரித்து வைக்கப்பட்டிருந்தது. பேனாவின் மூடியும் கழற்றியாகிவிட்டது.

"ஆமாம், சார்" என்றேன்.

கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பனியன் கம்பெனி வரிசைதான் ரொம்ப நேரம் தட்டியது. மாலை போட்டார்கள், படம் எடுத்தார்கள். அன்றிலிருந்து என் பெயருக்கு முன்னால் முனைவர் இருக்கிறது.

வெளியே மரத்தடியில் டீயும் பஜ்ஜியும். அக்கா பேப்பர் கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். மாலையில் பிரிந்து தொங்கிய ஒரு நாரைப் பார்த்ததும் அவர் விரல் தானாகப் போய் அதைக் கிள்ளி எறிந்தது.

"ஏனுங் அம்மிணி, அந்தப் பெரியவரு எங்க பக்கம் கையக் காட்டி என்னமோ கேட்டாருல்லீங்க. என்னங்க கேட்டாரு?"

பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். "வந்தவங்க எல்லாரும் டீ சாப்ட்டாச்சான்னு கேட்டாருங்க்கா."

"அப்பிடீங்களா" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் நின்ற கைமடிப் பெண்களிடம் திரும்பி, "பாத்தீங்களா, எத்தனை படிச்ச மனுசன். அத்தனை பேரு நடுவால நம்மளையும் ஒரு ஆளுன்னு மதிச்சுக் கேட்டுருக்காரு" என்றார்.